கேட் வரைக்கும் இரும்பு

அன்னக்கொடியைப் பற்றி எங்கள் கம்பெனியில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அந்தச் சல்லடை ரூம் பொம்பளையா? அது யாரோடயும் பேசாதே." கேட்கிறபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேசாதாம்! காலையில் நாலு சுவருக்குள் தனியாக விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, சாயங்காலம் வெளியே வந்ததும் வாய் ஓயாமல் பேசு என்றால் எந்த மனுஷிக்குப் பேச்சு வரும்?

நான் தங்கப்பொண்ணு. சல்லடை ரூமுக்கு அடுத்த ரூமில் பேக்கிங் வேலை பார்த்தவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். கொஞ்சம் என்று சொல்கிறவர்கள் நல்லவர்கள்.

எண்பத்தொன்று, எண்பத்திரண்டு வாக்கில் கப்பலூரில் புதுசு புதுசாகக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. எங்களுடையது அலுமினியப் பவுடர் கம்பெனி. "சட்டிபானை செய்யுறத எப்படிடி மாவாக்குவாங்க?" என்று என் வீட்டுக்காரரே கேட்டார். ஆக்குவார்கள். பாளம் பாளமாக வருகிற அலுமினியத்தை உலையில் போட்டு உருக்குவார்கள். உருகியதைச் சின்னத் துவாரம் ஒன்றின் வழியாக மேலே ஏற்றி, அந்த வாயிலேயே கம்ப்ரஷர் காற்றை ஓங்கி அடிப்பார்கள். தும்மினால் எச்சில் தெறிக்கிற மாதிரி அந்தக் குழம்பு பொடிப்பொடியாகச் சிதறும். சிதறினது காற்றிலேயே ஆறித் தூளாகிவிடும். பெரிய ஃபேன் ஒன்று அந்தத் தூளைக் குழாய் வழியாக இழுத்துக்கொண்டு போய், சைக்ளோன் என்கிற கூம்புத் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி விடும். காற்று மேலே போய்விடும், தூள் அடியில் தங்கும். அதைச் சலித்துப் பிரிப்பதுதான் அன்னக்கொடியின் வேலை. பருசு ஒரு டின், நடுத்தரம் ஒரு டின், மாவு மாதிரி நைஸ் ஒரு டின். நைஸ்தான் எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டது. பாதி சிவகாசிக்குப் போகும், மத்தாப்பு வெள்ளையாகப் பூப்பதற்கு. மீதி பெயிண்டுக்காரர்களுக்கு.

பார்த்தால் திருநீறு மாதிரி சாதுவாகக் கிடக்கும். ஆனால் அந்த நைஸ் தூள் காற்றில் பறந்துகொண்டிருக்கும்போது ஒரு பொறி பட்டால் போச்சு, ரூமே வெடித்துவிடும். தண்ணீரை ஊற்றினால் இன்னும் மோசம், மணல்தான் போட வேண்டும். அதனால் சல்லடை ரூமின் சுவர்களை மட்டும் கோட்டைச் சுவர் மாதிரி கட்டியிருந்தார்கள். கூரை மட்டும் லேசான ஓடு. வெடித்தால் அந்த வேகம் மேலே போய்விடுமாம். கதவில் ஒரு போர்டு: 'ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்.' போனால் ஒரு ஆளோடு போகட்டும் என்பதை இவ்வளவு மரியாதையாக எழுத முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே இரும்பு போகவே கூடாது. இரும்பு எதிலாவது மோதினால் பொறி கிளம்பும். அள்ளுகிற கரண்டி மரம், சல்லடையில் வலை பித்தளை, சட்டம் மரம், தட்டுகிற சுத்தியலும் மரம். செருப்புப் போடக் கூடாது, உரசினாலே பொறி வரும் என்று நைலக்ஸ் சேலை கட்டக் கூடாது. கேட்டில் பேச்சிமுத்து அண்ணன் ஒரு மரப்பெட்டி வைத்திருப்பார். தீப்பெட்டி, சாவி, கொண்டை ஊசி, சேலையில் குத்துகிற ஊக்கு எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "ஊக்கு இல்லாம மாராப்பு நிக்குமாண்ணே? நீங்க வந்து புடிச்சுக்கிருவீங்களா?" என்று நான் கேட்டதற்கு மனுஷன் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்னக்கொடி எதுவும் கேட்கவில்லை. கேட்டதையெல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். அந்த ரூமுக்கு யாரும் வரமாட்டேன் என்றபோது வந்தவள் அவள். ஒவ்வொரு டின் நிறைந்ததும் சல்லடைச் சட்டத்தில் மரச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு லேசாகக் கேட்கும். நானும் என் மரக் கரண்டியால் சுவரில் இரண்டு தட்டுவேன். கம்பெனி அப்படிச் செய்யச் சொல்லவில்லை. முதல் நாள் அவள் தட்டினாள், நான் சும்மா இருக்க மாட்டாமல் திருப்பித் தட்டினேன். அப்படியே பழகிவிட்டது.

சாயங்காலம் கை கால் கழுவினாலும் அந்தத் தூள் போகாது. நகத்தடியில், புருவத்தில், காது மடலில் வெள்ளி பூசினது மாதிரி ஒட்டியிருக்கும். பஸ்ஸில் கூட்டம் பிதுங்கினாலும் அவள் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். "சேலையில ஒட்டிக்கிரும்" என்று நின்றுகொண்டே வருவார்கள், மகாராணிகள். திருமங்கலம் வரைக்கும் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன், நானும் பாதி வெள்ளிதானே. அங்கே நான் இறங்கிக்கொள்வேன். அவள் பஸ் மாறி உசிலம்பட்டி ரோட்டில் தன் ஊருக்குப் போவாள். அந்த அரை மணி நேரத்தில்தான் அவள் கதை எனக்குத் துண்டு துண்டாகத் தெரிந்தது.

புருஷன் முத்திருளன். பம்பாய்க்கு வேலைக்குப் போனவன், பொங்கலுக்கு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனான். எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை போல. போவதற்கு முதல் நாள் புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் ஏதோ வாய்ச்சண்டை. எந்த வீட்டில் இல்லை? ஆனால் அவன் திரும்பவில்லை என்றதும், அவனைப் பெற்றவள் ஒச்சம்மாள், இவள் பேசின பேச்சில்தான் மகன் போய்விட்டான் என்று முடிவு கட்டிவிட்டாள். அன்றைக்கு மூடின வாய். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரு வார்த்தை கிடையாது. காலையில் மருமகள் பொங்கி வைத்துவிட்டு வருவாள். சாயங்காலம் மாமியார் பொங்கி, தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

"பேசாம ஒங்க ஆத்தா வீட்டுக்குப் போயிரு புள்ள. இது என்ன பொழப்பு?"

"ஆத்தா செத்துப் போச்சேக்கா. அண்ணன் வீட்டுல எத்தன நாளைக்கு இருக்க முடியும்? இவங்களுக்கும் என்னைய விட்டா ஆரு இருக்கா?"

"அதுக்காக ஊமைகூடக் குடும்பம் நடத்துவியா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பாமலே சொன்னாள்: "சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும்க்கா. அம்புட்டுதான். காலையில சல்லடை ரூமுக்குள்ள போறதும் சாயங்காலம் வீட்டுக்குள்ள போறதும் எனக்கு ஒண்ணு மாதிரிதான் இருக்கு. ரூம்லயாச்சும் நீங்க தட்டுறீங்க."

கண்டக்டர் பையன் மிச்சம் தரவில்லை என்று அவனைப் பிடித்துத் திட்டத் தொடங்கினேன்.

அவளாக வீட்டில் பேசிக்கொண்டேதான் இருந்தாள். பதில் வராது என்று தெரிந்தும், அடுப்படியில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வாளாம். நைஸ் டின் நிறைந்தது, சூப்பர்வைசர் அழகுமலை கத்தினது, தங்கப்பொண்ணு அக்கா சுவரைத் தட்டுவது. "இரும்பு மட்டும் உள்ள போகக் கூடாதாம் அத்தே. பட்டுச்சுன்னா முடிஞ்சுச்சாம்" என்பதையும் சொல்லியிருக்கிறாள். ஒச்சம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாளாம். கேட்டாளோ தூங்கினாளோ, யார் கண்டது?

ஒரு ஆடி மாதம். வெளியே காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம் நெருங்கியும் சுவரில் தட்டு வரவில்லை. நானாகத் தட்டினேன். பதில் இல்லை. அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. போட்டது போட்டபடி வெளியே ஓடினேன்.

சல்லடை ரூம் கதவு திறந்திருந்தது. அன்னக்கொடி வெறுங்காலோடு அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தாள். வலது கை முன்னால் நீண்டு விரிந்திருந்தது. உள்ளங்கையில் ஒரு ஆணி. பாதி விரல் நீளம் இருக்கும், கறுத்துத் துருவேறின பழைய இரும்பு ஆணி.

"குத்த வச்சு எந்திரிக்கைல சேலையில இருந்து விழுந்துச்சுக்கா" என்றாள். "தரையில விழுந்து டிங்குனுச்சு."

சிமெண்டுத் தரை, சுற்றிலும் நைஸ் தூள், நடுவில் துருப்பிடித்த ஆணி. அவள் நல்ல நேரம், பொறி கிளம்பவில்லை. அழகுமலை ஓடி வந்து ஃபேனை நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் வேப்பமரத்தடிக்கு விரட்டினார். ரூமைப் பார்த்துவிட்டு வந்து கத்து கத்தென்று கத்தினார். "அம்புட்டுப் பேரையும் கொல்லப் பாத்தியா? எங்கிருந்து வந்துச்சு இது?" பயத்தில் கத்துகிற ஆம்பளையின் சத்தம் எனக்குத் தெரியும், அதனால் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

நான்தான் அவள் சேலையைத் தூக்கிப் பார்த்தேன். கீழ் ஓரத்தில், உள்பக்கமாக, துணியை மடித்துச் சின்னப் பை மாதிரி தைத்திருந்தது. கறுப்பு நூல், நெருக்கமான தையல். ஒரு முனையில் மட்டும் ஆணி உரசி உரசி நூல் விட்டிருந்தது. தானாக வந்து ஒட்டிக்கொண்ட ஆணி இல்லை. யாரோ உட்கார்ந்து, பொறுமையாக, மறைத்துத் தைத்தது.

"வீட்ல ஆரு இருக்கா ஒனக்கு?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். எல்லோருக்கும் பதில் தெரியும்.

அன்னக்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இரும்பு பட்டா முடிஞ்சுச்சுன்னு நானேதான்க்கா அவங்ககிட்ட சொன்னேன்" என்றாள்.

அழகுமலை அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார், நாளைக்கு வருவதைப் பற்றி முதலாளி சொல்வார் என்றார். நான் லீவு கேட்கவில்லை, போறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதற்குள் பேச்சிமுத்து அண்ணனின் பெட்டிக்குப் போயிருந்த ஆணியைக் கேட்டு வாங்கி முந்தியில் முடிந்துகொண்டேன். கிழவி முகத்தில் விட்டெறிய வேண்டும் அல்லவா?

பஸ்ஸில் அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் ஊர் நெருங்கும்போது, "பேசலேன்னாலும் உள்ளுக்குள்ள கொஞ்சம் இருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்க்கா" என்றாள். "சாவட்டும்னு நெனச்சிருக்காங்க."

"இன்னைக்கு இருக்குடி அவளுக்கு" என்றேன்.

ஒச்சம்மாள் வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் ராட்சசி மாதிரி ஒருத்தியை நினைத்துக்கொண்டு போயிருந்தேன். இங்கே இருந்தது வற்றல் மாதிரி ஒரு பொம்பளை. வேலை நேரத்தில் மருமகள் வந்து நிற்பதைப் பார்த்ததும் கிழவி முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். முதலில் பார்த்தது முகத்தை இல்லை, சேலை ஓரத்தை. நான் முந்தியை அவிழ்த்து ஆணியைக் காட்டினேன்.

"இது என்ன? சொல்லு! இன்னைக்கு இவ கரியாப் போயிருப்பா. தெரிஞ்சுதான தச்ச?"

"ஐயோ, அத ஏன் எடுத்தீங்க?" என்று கிழவி அலறினாள். "அத எடுத்துப்புட்டா அங்க இவளுக்கு ஆரு இருக்கா?"

எனக்கு வாய் அடைத்துப் போன நாள் என் ஆயுசில் அது ஒன்றுதான்.

கிழவிக்கு மூச்சு வாங்கியது. இத்தனை வருஷம் அடைத்து வைத்தது ஒரேயடியாக வந்து விழுந்தது. "இவதான் சொன்னா. ஒத்த ஆளா உள்ள போகணுமாம், கதவச் சாத்திருவாங்களாம், போனா ஒரு ஆளுதான் போகுமாம். அங்க இரும்பு மட்டும் ஆகாதாம். இரும்பக் கண்டா ஆகாதது எது? காத்து கருப்புத்தான? பிள்ள பெத்தவ தலைமாட்டுல அரிவாள எதுக்கு வைக்கிறோம்? அந்த ரூமுக்குள்ள என்னமோ இருக்கு, அதான் இரும்ப விடமாட்டேங்கிறாங்க. அதுக்குப் பலி குடுக்கத்தான் கேக்க நாதியத்தவளாப் பாத்து உள்ள விட்டுருக்கான் கம்பெனிக்காரன். நான் எப்படிச் சும்மா இருக்க?"

இப்படி ஒரு கணக்கை யாராவது போடுவார்களா? ஆனால் அந்த ஊரில், அந்த வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் வேறு எப்படிப் போட முடியும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

"ஆணி ஏது?" என்று கேட்டேன். கிழவி வாசல் நிலையைக் கை காட்டினாள். இவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த அன்று, கெட்டது எதுவும் அண்டக் கூடாது என்று நிலையின் மேல்கட்டையில் அடித்த ஆணியாம். அது இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு ஓட்டை தெரிந்தது.

"வீட்டக் காக்குறதப் புடுங்கிட்டியே, ஒனக்கு?"

"நான் சாகப்போற கட்ட. என்னைய எது வந்து என்ன பண்ணப் போகுது?"

அன்னக்கொடி அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வெள்ளி முகத்தில் கோடு கோடாகக் கண்ணீர் இறங்கியது. கிழவி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிட்டே போகவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "அடுப்பு மேட்டுல சோறு இருக்கு. திங்கச் சொல்லு" என்றாள்.

"திங்கிறேன்னு சொல்லுங்கக்கா" என்றாள் இவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"நான் என்ன தபால்காரியா? ரெண்டு பேரும் நாசமாப் போங்க!" என்று கத்திவிட்டேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கிழவி சிரித்தால் முகம் இப்படி இருக்கும் என்று அன்னக்கொடிக்கே மறந்து போயிருந்தது போல, வாயைப் பிளந்து பார்த்தாள்.

ரூமில் இருப்பது பேய் இல்லை, தூள்தான் என்று நாங்கள் மாற்றி மாற்றிச் சொன்னோம். கிழவி பாதிதான் நம்பினாள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "உள்ள ஆகாதுன்னா வேணாம். கேட்டு வரைக்குமாச்சும் கொண்டு போகட்டும். அங்க குடுத்துட்டுப் போகட்டும். திரும்பி வரைல மறக்காம வாங்கியாரட்டும். வழியிலயும் ஒத்தையிலதான வாரா?"

வேலை போகவில்லை. முதலாளிக்கு ஒன்றும் இரக்கம் வந்துவிடவில்லை. அந்த ரூமுக்குள் போக வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து கேட்டில் பொம்பளைகளின் சேலை ஓரத்தைத் தடவிப் பார்க்கிற வேலையை என் தலையில் கட்டினார்கள். அன்னக்கொடி தினமும் முந்தியில் முடிந்த ஆணியை அவிழ்த்துப் பேச்சிமுத்து அண்ணனின் பெட்டியில் போடுவாள். சாயங்காலம் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

"இப்ப பேசுறாங்களா?" என்று ஒருநாள் பஸ்ஸில் கேட்டேன்.

"காலையில வாசல்ல எறங்குறப்ப, ஆணிய எடுத்துக்கிட்டியான்னு கேப்பாங்க. எடுத்துக்கிட்டேன் அத்தேம்பேன்."

"அப்புறம்?"

"அம்புட்டுதான்."

"சாப்பிட்டியான்னு?"

"அதக் கேக்கல" என்று சிரித்தாள். "இதக் கேக்குறாங்கல்ல."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் அதற்குமேல் குடையவில்லை. சில பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும் போலிருக்கிறது. எனக்கெல்லாம் போதாது.

இரண்டு மூன்று வருஷம் அப்படி ஓடியது. ஒரு புரட்டாசியில் காய்ச்சல் வந்து ஒச்சம்மாள் போய்விட்டாள். பம்பாய்க்குத் தந்தி கொடுக்கலாம் என்றால் முகவரி யாரிடமும் இல்லை. பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் கொள்ளி வைத்தான். நான் போயிருந்தேன். எல்லோரும் கலைந்த பிறகு அந்த வீட்டில் அவளைத் தனியாக விட்டுவிட்டுப் பஸ் ஏற எனக்குக் கால் வரவில்லை. "என்கூட வந்து ரெண்டு நாள் இரு புள்ள" என்றதற்கு, "வெளக்கேத்தணும்க்கா" என்றாள்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தாள். அதற்குள் பேச்சிமுத்து அண்ணன் வேலையை விட்டு நின்றுபோய், கேட்டுக்கு மருது என்று ஒரு புது ஆள் வந்திருந்தான். அவள் முந்தியை அவிழ்த்து ஆணியை நீட்டினாள். நான் அவளுக்குப் பின்னால் ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"என்னக்கா இது, துருப்புடிச்ச ஆணி?" என்றான் அவன். "இத ஏன் சொமந்துக்கிட்டு வாரீங்க? வீட்லயே வச்சுட்டு வந்தா என்ன?"

"வீட்ட விட்டு எறங்கைல, எடுத்துக்கிட்டேன்னு சொல்லணும்ல" என்றாள் அன்னக்கொடி.

"ஆருகிட்ட?"

அவள் அதற்குள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். மருது என்னைப் பார்த்தான்.

"கேள்வி கேக்காம வாங்கிப் போடுய்யா பெட்டியில" என்றேன். "சாயங்காலம் பத்திரமா எடுத்துக் குடுக்கணும். தொலச்சே, அம்புட்டுதான் நீ."

என் ஊக்கையும் அதே பெட்டியில் போட்டுவிட்டு ரூமுக்குப் போனேன். அன்றைக்கு எனக்குக் கை ஓடவில்லை. மரக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். முதல் டின் நிறைய வழக்கத்தைவிட நேரமானது. பிறகு இரண்டு தட்டுக் கேட்டது, நானும் தட்டினேன்.